செத்த கத்திகளின் இழுப்பறை

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் 11 மடக்குக் கத்திகள் கிடக்கின்றன. அவற்றில் நான்கு செத்துப்போனவை. அவற்றைத் தூக்கி எறியும்படி என் மனைவி சொல்லாத மாதம் கிடையாது. நான் எறிவதாக இல்லை. 31 ஆண்டுகள் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்தவன் நான். நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்ல எனக்கு வராது. உடைந்ததைப் பிரித்து மேசையில் பரப்பினால்தான், செய்தவன் எந்த இடத்தில் மனம்வைத்தான், எந்த இடத்தில் கையை உதறிவிட்டு வீட்டுக்குப் போனான் என்பது தெரியும்.

போன வாரம் தம்பி மகன் புதிதாக ஒரு மடக்குக் கத்தியோடு வந்தான். கறுப்புப் பிடி, அலகில் ஒரு வட்டத் துளை, சட்டைப் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். உட்காருவதற்கு முன்பே, "பெரியப்பா, இது எஸ்30வி" என்றான். அலகு செய்த எஃகின் பெயர் அது. நாலு பட்டம் வாங்கிய ஒருவரை அறிமுகம் செய்துவைக்கிற தொனி.

கையில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினேன். மெல்லத் திறந்தேன், மடக்கினேன், மறுபடியும் திறந்தேன். காதருகே வைத்து இன்னொரு முறை.

"அலகைப் பாருங்கள் பெரியப்பா. அதுதான் விஷயமே."

"அலகு எங்கேயும் ஓடிவிடாது. இது எப்படித் திரும்புகிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்."

அவனுக்குப் புரியவில்லை. அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

மடக்காத கத்தியில் அலகும் பிடிக்குள் போகும் காம்பும் ஒரே இரும்பு. அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. மடக்குக் கத்தியில் அப்படி இல்லை. நாம் அழுத்துகிற அழுத்தம், திருகுகிற திருகல் எல்லாம் பென்சில் தடிமன்கூட இல்லாத ஓர் அச்சாணியின் மேல் போய் விழுகிறது. கத்தி பழசாவது அங்கேதான் தொடங்குகிறது. நான் அலகைக் கடைசியில் பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

என் இழுப்பறையின் முதல் பிணம் அதற்குச் சாட்சி. மான்கொம்பு மாதிரி வார்த்த பிளாஸ்டிக் பிடி, பளபளக்கும் பித்தளை முனைகள், பார்வைக்கு ராஜா. வாங்கி ஆறு மாதத்தில் அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தபோது அலகுக்கும் உள்தகட்டுக்கும் (பிடியின் உள்பக்கம் பதித்த தகடு) நடுவே வாஷரே இல்லை. இரும்பும் இரும்பும் நேரே உரசி ஒன்றையொன்று தின்றிருந்தன. அச்சாணி மெல்லிய கம்பித் துண்டு. அலகின் துளையோ முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அச்சாணியைச் சுற்றியுள்ள வாஷரின் விட்டம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கே 0.05 மி.மீ. தளர்ச்சி, அதாவது ஒரு தலைமயிரின் தடிமனுக்கும் குறைவு. 80 மி.மீ. தள்ளியிருக்கும் முனையில் அது எட்டு மடங்காகி 0.4 மி.மீ. சாய்வாக நிற்கும். விரலுக்கு நன்றாகவே தெரிகிற ஆட்டம் அது. முனையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். முழுதாகத் திறந்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. பாதி திறந்த நிலையிலும் பாருங்கள். முழுதாகத் திறந்திருக்கும்போது பூட்டும் ஸ்பிரிங்கும் அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குறையை மறைக்கும். பாதியில் மறைக்க ஆள் இல்லை. கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பதறவும் வேண்டாம். திருகாணி உள்ள கத்தியாக இருந்தால் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். இறுக்கினால் அலகு திரும்ப மறுக்கிறது, தளர்த்தினால் ஆடுகிறது, நடுவே ஒரு நல்ல இடமே கிடைக்கவில்லை என்றால் உள்ளே உரசும் முகங்கள் நேராகத் தேய்க்கப்படவில்லை என்று பொருள். அதற்கு நம்மிடம் மருந்து இல்லை.

வாஷர்களைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாஸ்பர் வெண்கல வாஷர்தான் என் கட்சி. முதல் சில மாதங்கள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். பிறகு தானே தேய்ந்து மெருகேறி, எண்ணெயில் மிதப்பது போலத் திரும்பும். நைலான் வாஷர் அடுத்தது. மோசமில்லை, ஆனால் அந்த உலோகத் திடம் வராது. இப்போது பல கத்திகளில் பந்துத் தாங்கிகள் (பால் பேரிங்) வைக்கிறார்கள். விரல் பட்டால் அலகு பாய்ந்து திறக்கும். கையில் எடுத்தவர் மயங்கிவிடுவார். ஆனால் அந்தச் சிறு குண்டுகளுக்கு இடையில் மணலும் நூல்பிசிறும் புகுந்துவிட்டால் கரகரவென்று அழும். பிரித்துத் துடைத்தால்தான் அடங்கும். சட்டைப் பைக்குள் என்னென்ன தூசு இருக்கிறது என்பது பையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பூட்டு இல்லாத பழைய பாணிக் கத்திகளில் அலகைப் பிடித்து வைப்பது முதுகுப் பக்கம் ஓடும் பட்டை ஸ்பிரிங் ஒன்றுதான். இவற்றைச் சோதிக்க என் காதே போதும். நன்றாகச் செய்த கத்தி திறக்கும்போது ஒரு 'சடக்', மடக்கும்போது ஒரு 'டக்'. 'சொத்' என்று விழுந்தால் ஸ்பிரிங்கில் உயிர் இல்லை. பிறகு வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, ஸ்பிரிங்குக்கும் உள்தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் பொருத்தியவருக்கு அவசரம் என்று அர்த்தம். இன்னொன்று: திறந்த நிலையில், மடக்கிய நிலையில், பாதி நிலையில் என மூன்றிலும் ஸ்பிரிங்கின் முதுகு பிடியின் முதுகோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூன்றிலும் சமமாக வைப்பது லேசான வேலையல்ல. அதற்கு அலகின் அடிப்பகுதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பொருத்திப் பார்த்து, மறுபடி எடுக்க வேண்டும். அந்தப் பொறுமை இருந்தவர் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் பொறுமையாகத்தான் இருந்திருப்பார்.

இரண்டாவது பிணத்தைப் பற்றிப் பேசும்போது என் வலக்கை ஆள்காட்டி விரல் தானாக மடங்கும். அதன் நடு மூட்டில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

அது உள்தகட்டுப் பூட்டு வைத்த கத்தி. பிடிக்குள் இருக்கும் தகட்டிலேயே ஒரு நீளத் துண்டை வெட்டி, உள்பக்கமாக வளைத்திருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்தத் துண்டு நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் வந்து முட்டுக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டை 1980களில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஒரு கையால் திறக்கலாம், மடக்கலாம். ஆனால் அலகின் அடியில் தகடு முட்டுகிற அந்த முகம் ஏழெட்டு டிகிரி சரிவாக, துல்லியமாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். சரிவு கூடினால் தகடு வழுக்கும். குறைந்தால் ஒட்டிக்கொண்டு விடுபட மறுக்கும். தேயத் தேயத் தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து தேய்மானத்தை ஈடுகட்டும் என்பது இந்தச் சரிவில் உள்ள சூட்சுமம்.

ஆகவே புதுக் கத்தியில் தகடு எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்பதைக் குனிந்து பாருங்கள். அலகின் அடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி நின்றால் நிம்மதி. விளிம்பில் நகக்கண் அளவு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அது பூட்டே இல்லை. புதிதாக இருக்கும்போதே எதிர்ப்பக்கத் தகட்டை எட்டிவிட்டதென்றால் அதன் ஆயுளில் பெரும்பகுதி கடைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. என்னுடையது விளிம்பில் நின்ற ரகம். இதை அப்போது நான் குனிந்து பார்க்கவில்லை. பந்துத் தாங்கி வைத்த கத்தி அது. வெண்ணெய் போலத் திறந்தது. அந்த வழுவழுப்பில் மயங்கிவிட்டேன். ஒரு மரக்கட்டையில் குத்தி லேசாகத் திருகினேன். மெல்லிய தகடு நழுவியது. மிச்சத்தை விரல் சொல்லும். இயந்திரப் பொருத்தமே தொழிலாக இருந்த ஒருவன் இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு இன்றைக்கும் அவமானம்தான்.

பிடியின் சட்டமே பூட்டாக வருகிற வகையைக் கத்தி செய்பவரான கிறிஸ் ரீவ் பிரபலமாக்கினார். அதில் தடித்த டைட்டானியம் முட்டுக் கொடுப்பதால் பலம் அதிகம். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் கையே பூட்டை உள்ளே தள்ளும். ஆனால் டைட்டானியம் பதமேற்றிய எஃகைவிட மென்மையானது. உரசி உரசிப் பிசுக்கென்று ஒட்டும். அதனால்தான் நல்ல கத்திகளில் முட்டுகிற முனையில் தனியாக ஓர் எஃகுத் துண்டைத் திருகி வைக்கிறார்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். இப்படி ஒரு கத்தியைப் பார்த்தால், அது பழசாகும் காலத்தையும் யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி.

பிடியின் முதுகில் உள்ள எஃகுப் பட்டை அலகின் அடியைக் கவ்விக்கொள்ளும் முதுகுப் பூட்டு வேறு சாதி. 1964ல் வந்த பக் 110 என்ற அமெரிக்க மடக்குக் கத்தி அதற்கு நல்ல உதாரணம். 200 கிராம் எடை. பையில் போட்டால் பை தொங்கும். இந்த வகையில் அலகு மேலும் கீழுமாக இம்மியளவு அசைவது சகஜம். அதற்காகக் கத்தியை ஒதுக்க வேண்டாம். அதே மேல்கீழ் அசைவு உள்தகட்டுப் பூட்டில் இருந்தால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அங்கே அது பூட்டு நழுவப் போவதற்கான முன்னறிவிப்பு.

பூட்டைச் சோதிக்கிறேன் என்று அலகின் முதுகை மேசையில் ஓங்கி ஓங்கி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுத்தியல் செய்ய வேண்டிய வேலையைக் கத்தியிடம் கேட்டால், நல்ல பூட்டும் சிதையும், எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்காது. நான் செய்வது இது: விரல்கள் ஒன்றுகூட அலகு மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடியை இரு பக்கமும் பற்றிக்கொண்டு, அலகின் முதுகைத் துணி போட்ட மரக்கட்டையில் வைத்து, அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுவேன். பிறகு கொஞ்சம் முறுக்குவேன். நழுவுகிற பூட்டு அங்கேயே நழுவிவிடும்.

பூட்டு என்றதும் சிக்கலான பொறி என்று நினைக்க வேண்டாம். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890ல் செய்யத் தொடங்கிய கத்திக்கு, 1955ல் அந்தக் குடும்பத்தார் சேர்த்த பூட்டு வெறும் ஓர் எஃகு வளையம். பிடியின் கழுத்தில் அதைத் திருகிவிட்டால் அலகு மடங்காது. தேய்வதற்கு அதில் அதிகம் இல்லை. என்னிடம் 8ஆம் எண் ஒன்று இருக்கிறது. பீச் மரப் பிடி. ஈரம் குடித்தால் மரம் உப்பி, அலகை விடாமல் கவ்விக்கொள்ளும். அப்போது பிடியின் அடிப்பக்கத்தை எதிலாவது தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே தலைகாட்டும். அந்த ஊர்க்காரர்கள் பேரிலேயே அந்தத் தட்டுக்குப் பெயர் இருக்கிறது. குறையையே ஒரு குணமாக்கி விட்டவர்கள். ஆனால் ஒன்று, மரப் பிடி உப்புகிறது என்று தெரிந்தபின் அதைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் கத்தியைத் திட்டக்கூடாது.

இப்போது தம்பி மகனின் எஃகுக்கு வருவோம்.

எஸ்30வி நல்ல எஃகு. அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் கத்திகளையே மனதில் வைத்து உருவாக்கி 2001ல் வெளிவிட்டது. கார்பன் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம், குரோமியம் 14, வனேடியம் 4. அந்த வனேடியம் கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் நுண்துகள்கள்தான் கூர் நெடுநாள் நிற்பதற்குக் காரணம். அதே துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லின் துகளைவிடக் கடினமானவை என்பதைப் பெட்டியில் அச்சிட மாட்டார்கள். வைரத்துகள் பதித்த கல் இல்லாமல் இந்த எஃகைத் தீட்ட உட்கார்ந்தால் பொழுது போகும், கூர் லேசில் வராது.

"உன்னிடம் வைரக் கல் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை பெரியப்பா."

"அப்படியானால் இந்த எஃகு உனக்கு இன்னும் முழுதாகச் சொந்தமாகவில்லை."

எஃகின் பெயர் ஒரு சமையல் குறிப்பு மாதிரிதான். தோய்ச்சல், அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதமேற்றுவது, சரியில்லையென்றால் எந்தப் பெயரும் காப்பாற்றாது. ஒரே எஃகை ஒருவர் 56இலும் இன்னொருவர் 60இலும் முடிப்பார்கள். இந்த எண் ராக்வெல் சி அளவு: வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் எஃகின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எண் ஏற ஏறக் கூர் நிற்கும். கூடவே ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும் வாய்ப்பும் ஏறும். ஸ்விஸ் கத்தியான விக்டோரினாக்ஸின் அலகு 56ஐ ஒட்டித்தான் இருக்கும். சீக்கிரம் மழுங்குகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் குறையில்லை. ஒரு நல்ல கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்பி வந்துவிடும். துருவைப் பற்றியும் இப்படி ஒரு பிழையான நம்பிக்கை உலவுகிறது. 10.5 சதவீதம் குரோமியம் இருந்தாலே துருப்பிடிக்காத எஃகு என்ற வரையறைக்குள் வந்துவிடும் என்கிறார்கள். டி2 என்ற எஃகில் 12 சதவீதம் இருந்தும் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கிறது. அதில் கார்பன் ஒன்றரை சதவீதம். குரோமியத்தின் ஒரு பங்கைக் கார்பன் பிடித்துத் தன்னோடு கட்டிப்போட்டுவிடுகிறது. துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு.

மூன்றாவது பிணம் இந்தத் தோய்ச்சலால் செத்தது. கண்ணாடி போல முகம் தெரியும் அலகு. ஓர் அட்டைப்பெட்டியை அறுத்து முடிப்பதற்குள் வாய், அதாவது வெட்டும் ஓரம், மழுங்கிவிட்டது. முதலில் நான் கத்திக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தேன். ஏனென்றால் புதுக் கத்திகளில் ஒன்று நடக்கும். ஆலையில் கடைசியாகச் சாணைப் பட்டையில் வாய் பிடிக்கும்போது, தாளைப் போல் மெல்லிய அந்த ஓரம் நொடியில் சூடேறிவிடும். 300 டிகிரியை நெருங்கினால் எஃகில் நீலம் ஓடும். பதமும் கொஞ்சம் போய்விடும். பிறகு மெருகு போட்டால் நீலமும் அழிந்துவிடும். குற்றத்துக்குத் தடயம் இருக்காது. அப்படிப்பட்ட கத்திகளை நான்கைந்து முறை கல்லில் தீட்டி, வெந்துபோன ஓரத்தைக் கழித்துவிட்டால், உள்ளே இருக்கும் நல்ல எஃகு வந்துவிடும். புதிதில் கூர் நிற்காத கத்தியை உடனே பழிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தீட்டினேன். வரவில்லை. ஒரு மில்லிமீட்டர் போயிற்று, இரண்டு போயிற்று. கடைசியில் அலகின் முதுகில், பிடியை ஒட்டிய இடத்தில், நுண்ணரத்தை வைத்து இழுத்தேன். பதமேறிய எஃகின் மேல் அரம் கண்ணாடியில் சறுக்குவது போலச் சறுக்க வேண்டும். இது கடித்தது; துகள் கொட்டியது. வாயிலிருந்து முதுகு வரை பதமேறாத பச்சை இரும்பு. (சொந்தக் கத்தியில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நண்பரின் கத்தியில் செய்து ஒரு நட்பை இழந்திருக்கிறேன்.)

எஃகைவிடவும் நான் கவனிப்பது அலகின் மெலிவை. வாய்க்குச் சற்று மேலே, கூர்ச்சரிவு தொடங்கும் இடத்தில் தடிமன் அரை மி.மீ. என்றால் கத்தி அறுக்கும். ஒரு மி.மீ. என்றால் ஆப்பு மாதிரிப் பிளக்கும். நாலு மி.மீ. தடிமனான அலகை உறுதி என்று சொல்லி விற்பார்கள். கடப்பாரைகூட உறுதியானதுதான். அந்த ஒபினெலின் அலகு இரண்டு மி.மீ.கூட இருக்காது, விலைமதிப்பற்ற எஃகு வைத்த தடியன்களைவிட நன்றாக அறுக்கிறது. கூர்ச்சரிவு அலகின் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில், அடியிலிருந்து முனை வரை ஓடுகிறதா என்றும் பாருங்கள். முனைக்குப் போகும்போது அகலித்தால், தீட்டியவர் அங்கே கையைத் தாழ்த்தியிருக்கிறார், அல்லது அலகு அங்கே தடித்திருக்கிறது.

நான்காவது பிணம் ஒரு கொலை. கொன்றவன் நான். பெயின்ட் டப்பாவின் மூடியை அதன் முனையால் நெம்பினேன். கத்தியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதை வைத்திருப்பது மற்ற மூன்றையும் பற்றி அதிகம் பேசாமலிருக்க.

உயிரோடிருப்பவற்றில் மூத்தது அப்பாவின் பேனாக்கத்தி. கார்பன் எஃகு, சாம்பல் நிறம் ஏறி, செய்தவரின் முத்திரையும் தேய்ந்து அழிந்துவிட்டது. தீட்டித் தீட்டி அலகு பாதி அகலமாகிவிட்டது. அகலம் குறைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. வாய்ப் பக்கம்தானே தேய்கிறது? அதனால் முனை முதுகை நோக்கி ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் மடக்கிய நிலையிலும் பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. அப்பாவின் சட்டைப் பைகளில் ஊசித்துளைகள். அலகின் அடியில், வாய் தொடங்கும் முன், சிறு மேடு ஒன்று உண்டு. மடக்கும்போது அதுதான் ஸ்பிரிங்கில் முட்டி அலகை நிறுத்தும். அந்த மேட்டை அரத்தால் இம்மி இம்மியாகக் குறைத்தால் அலகு பிடிக்குள் ஆழமாக அமர்ந்துகொள்ளும். பணிக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் அதைச் செய்துகொடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மடக்கி, முனை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவினார்.

அந்த மேட்டை அதிகம் குறைத்துவிட்டால் வாயே போய் ஸ்பிரிங்கில் இடித்து மழுங்கும். புதுக் கத்திகளிலும் இந்தக் குறை உண்டு. தீட்டி வைத்த கத்தி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மழுங்கினால் இதைச் சந்தேகிக்கலாம். ஒரு துண்டுத் தாளைப் பிடியின் பிளவுக்குள் செருகி, அதன் மேல் அலகை மடக்கிவிட்டு, மறுபடி திறந்து தாளை எடுத்துப் பாருங்கள். தாளில் வெட்டு விழுந்திருந்தால் வாய் அடியைத் தொடுகிறது.

இன்னொரு சொத்து 22 ஆண்டுகளாக உள்ள விக்டோரினாக்ஸ். 1897ல் கார்ல் எல்செனர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் வழிவந்தது. அலுமினியத் தகடுகள், பித்தளைத் தறையாணிகள், எஃகு ஸ்பிரிங்குகள், பிரிக்கவே முடியாது. ஆனாலும் ஒரு கருவிகூட ஆடவில்லை. பல்குச்சியும் சாமணமும் மட்டும் எப்போதோ காணாமல் போயின. திருகாணி போட்ட கத்திதான் நீடிக்கும் என்று நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். இந்தத் தறையாணிக் கத்தி என் வாதத்தை மதிக்கவில்லை. திருகாணிக்கும் அதன் நோய்கள் உண்டு. நட்சத்திரப் பள்ளம் வெட்டிய டி6 அளவுத் தலைகள் பொடி. மரையில் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். வேகத்தில் திருகினால் தலையின் நட்சத்திரப் பள்ளம் வழித்துக்கொண்டு வட்டமாகிவிடும். சாலிடரிங் முனையை ஒரு நிமிடம் தலையில் வைத்துப் பசையை இளக்கிவிட்டுத் திருகுவது என் வழக்கம். பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்கிற நிறுவனங்களும் இருக்கின்றன; அதையும் வாங்கும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

தம்பி மகனின் கத்திக்கு என் தீர்ப்பு இதுதான். அலகு மடங்கியபோது இரண்டு தகடுகளுக்கும் நட்டநடுவே அமர்கிறது. பாதி நிலையில் ஆட்டம் இல்லை. பூட்டு மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது, முறுக்கியும் நழுவவில்லை. கூர்ச்சரிவு இடப்பக்கம் முனையில் அகலம், கல்லில் சரிசெய்துகொள்ளலாம். கிளிப்பின் ஒரு திருகு இப்போதே தளர்ந்திருக்கிறது.

அவன் அதோடு விடவில்லை. தானும் கண்ணை மூடிச் சோதிக்க வேண்டும் என்றான். எது செத்தது, எது இருப்பது என்று சொல்லாமல், முனை உடைந்ததை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற பத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். நிதானமாகத் திறந்தான், காதில் வைத்தான், உதட்டைப் பிதுக்கினான். ஏழாவதைத் திறந்ததும் முகம் மலர்ந்தது.

"இதுதான் பெரியப்பா. எல்லாவற்றிலும் இதுதான் நல்ல கத்தி. வெண்ணெய் மாதிரித் திறக்கிறது."

அவன் மடக்குவதற்குள் அதை வாங்கிக்கொண்டு, கண்ணைத் திறக்கச் சொல்லி, என் ஆள்காட்டி விரலைக் காட்டினேன்.